யாத்திரிகனும் தமிழ்நாடும்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வாழ்வோருக்கு யாத்திரை என்னும் சொல்லின் பொருளை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சமயபுரத்து மாரியம்மனை நோக்கி நடப்போரும், சிறுவாச்சூர் மதுரகாளியை நாடி வருவோரும், கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோரும், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு செல்வோரும் அதே சாலைகளின் புழுதியையே மிதிக்கின்றனர். வீட்டை விட்டுப் புறப்படுதல், வழித்துன்பம் பொறுத்தல், குறித்த இடஞ் சேர்தல் ஆகியவை எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான அனுபவம். இவ்வனுபவத்தை ஆன்மாவின் கதையாக்கிய ஆங்கில நூலொன்று தமிழ்க் காப்பியமாக மலர்ந்த வரலாற்றைத் தேசாபிமானிகள் அனைவரும் அறிதல் வேண்டும்.

ஆங்கில நூலின் ஆசிரியர் ஜான் பனியன். 1628-இல் பெட்போர்டுக்கு அருகே பிறந்தவர். பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழிலையே செய்தவர். கலாசாலைப் படிப்பு அவருக்கில்லை. அரசாங்கத் திருச்சபையின் அனுமதியின்றிப் பொதுமக்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். 1660-இல் கைதானார். இனிப் பிரசங்கம் செய்வதில்லையென ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். மனைவி மக்கள் வறுமையில் வாடவும் அவர் அவ்வாக்கைக் கொடுத்தாரில்லை. ஆகவே சுமார் 12 ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. வாய்ப்பூட்டு உத்தரவுகளின் வரலாற்றை அறிந்த நமக்கு இம்மனிதர் அந்நியராவாரோ? மாந்தளைச் சிறையில் கீதைக்கு உரை கண்ட திலகரையும், சிறைக்குள்ளிருந்தே நூல்களைத் தமிழாக்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளையையும் போற்றும் நாடு, பனியனது உறுதியை எளிதில் உணரும்.

அவர் எழுதிய யாத்திரிகன் கதையின் முதற்பாகம் 1678-இலும், இரண்டாம் பாகம் 1684-இலும் வெளிவந்தன. அழியப்போகும் நகரொன்றினின்று ஒருவன் முதுகில் பாவச்சுமையுடன் புறப்படுகிறான். நம்பிக்கையிழப்புச் சேற்றில் அமிழ்கிறான். சிலுவையடியில் அவன் சுமை கழன்று விழுகிறது. மாயைச் சந்தையில் அவனுடைய தோழன் அநியாயத் தீர்ப்புக்கு இரையாகிறான். முடிவில் மரண ஆற்றைக் கடந்து அவன் வானகரம் சேர்கிறான். குணங்களையே மாந்தராக்கிக் கதை சொல்லும் முறை நமக்குப் புதிதன்று. 11-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணமிசிரர் இயற்றிய ‘பிரபோத சந்திரோதயம்’ என்னும் வடமொழி நாடகத்தில் விவேகமும் மோகமும் அரசர்களாக நின்று போர் புரிகின்றன.

பனியன் கதை இன்று 200-க்கு மேற்பட்ட மொழிகளில் வழங்குகிறது. தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் உரைநடையாகவும் அது கிறிஸ்தவ இல்லங்களில் பயின்று வந்தது. எனினும் அதனை மொழிபெயர்ப்பு என்னும் நிலையினின்று உயர்த்தித் தமிழின் செல்வமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையே. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்திற் பிறந்த அவர், இளமையிலேயே கம்பராமாயணத்தில் ஊறியவர். 1858-இல் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவினார், கம்பனைக் கைவிட்டாரில்லை. 1894-இல் வெளிவந்த அவரது ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஐந்து பருவங்களில், 3,700-க்கு மேற்பட்ட செய்யுட்களால் நடக்கின்றது. தேவாரச் சாயலில் அமைந்த பாடல்கள் இடையிடையே வருகின்றன. கிறிஸ்துவின் பாடுகளும் விரிவாகப் பாடப்படுகின்றன. மதம் மாறிய ஒருவர் மொழியும் மரபும் மாறியவராகார் என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சியம் எந்த நியாயஸ்தலத்துக்கும் வேண்டுவதில்லை.

ஆயின், ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. பனியன் எழுதியது ஏர் பிடிப்போனும் நெசவாளியும் கேட்டு விளங்கிக்கொள்ளும் பேச்சுநடை. அதனாலேயே அந்நூல் ஆங்கில ஏழைகளின் குடிசைகளிற் புகுந்தது. கிருஷ்ண பிள்ளை பாடியதோ பண்டிதர் சுவைக்கும் உயர்ந்த செய்யுள். காவியத்தின் கம்பீரம் கிட்டியது. குடிசையின் வாயில் அடைபட்டது. தொழிலாளியின் நூல் நம் நாட்டில் வித்துவான்களின் நூலாயிற்று.

இரண்டையும் ஒருங்கே பேணும் வழியை அரியலூர்ச் சீமையே நமக்குக் காட்டுகிறது. இன்று அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்துக்கு வடபால் விளங்கும் ஏலாக்குறிச்சியில், இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் தங்கிக் கோயில் எடுத்தார். அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடினார். 1726-இல் அவர் இயற்றிய ‘தேம்பாவணி’ 3,615 செய்யுட்களால் ஆனது. சூசையப்பர் அதில் வளன் என்னும் தமிழ்ப் பெயர் பூண்டு, குழந்தை இயேசுவைக் காக்க எகிப்துக்கு யாத்திரை போகிறார். இத்துணைச் செய்யுள் வன்மையுடைய அம்முனிவரே, மக்கள் பேசும் தமிழில் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். கதை கேட்டு நகைத்தோர் பலர். காவியம் கற்றுத் தெளிந்தோர் சிலர். இரு சாராரையும் அவர் மறந்தாரில்லை.

இன்றைய நிலை யாது? கிறிஸ்தவ நூல் என்று ஒரு சாரார் ‘யாத்திரிக’த்தைத் தொடுவதில்லை; கடின நூல் என்று மற்றொரு சாரார் அதனைத் திறப்பதில்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கும் இதே கதிதான். சமயத்துக்கொரு தமிழ் என்று பிரித்து வைப்பது, தேசத்தைப் பிரிக்க விரும்புவோர்க்கு நாமே வழி வகுத்துக் கொடுப்பதாகும். கம்பனைப் படிக்கக் கிறிஸ்தவனாகிய கிருஷ்ண பிள்ளைக்கு உரிமை இருந்தது. அவரைப் படிக்கும் கடமை கம்பனின் அன்பர்களுக்கு இல்லையா?

வேண்டுவன பெரியனவல்ல. சீர் பிரித்து, அரும்பத உரை சேர்த்து, குறைந்த விலையில் இந்நூல்களின் தேர்ந்த பகுதிகளை அச்சிட வேண்டும். பெரம்பலூர், அரியலூர் நூலகங்களில் கம்பனும், வீரமாமுனிவரும், உமறுப் புலவரும், கிருஷ்ண பிள்ளையும் ஒரே அலமாரியில் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை அவர்களை வாசித்துப் பொருள் சொல்ல ஊருக்கொரு தமிழாசிரியர் முன்வந்தாற் போதும். பொதுக்கூட்டத்தில் ஒற்றுமையைப் பற்றி முழங்கும் நம் தொண்டர்கள், இக்கூட்டங்களில் உட்கார்ந்து கேட்கவும் கற்றுக்கொள்வார்களாக. புறப்படாத யாத்திரிகன் எவ்வூரும் சேர்வதில்லை.