வெடித்த கைகளும் கிளிசரினும்

ஐரோப்பிய உணவகங்களின் சமையற்கட்டுகளிற் பாத்திரம் கழுவும் எம்மவர் பலரின் கைகள், மார்கழி பிறந்ததும் பாளம் பாளமாக வெடித்துவிடுகின்றன. எமது முதற் குளிர்காலத்தில் எமக்கும் அதுவே நேர்ந்தது. யாரோ சொல்லக் கேட்டு மருந்தகத்திற் கிளிசரின் வாங்கி, உலர்ந்த கையில் அப்படியே பூசிக்கொண்டோம். எரிவு கூடியதேயன்றி வெடிப்பு ஆறவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய எமக்குப் பள்ளியிற் கற்ற இரசாயனம் மறந்துபோயிருந்தது!

கிளிசரின் புதிய பொருளன்று. 1779 இல் சுவீடனில் ஷீலே என்ற விஞ்ஞானி ஒலிவ் எண்ணெயை ஈய ஒட்சைட்டுடன் சூடாக்கியபோது இனிப்பான இத்திரவத்தைக் கண்டார். இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் செவ்ரேல். சவர்க்காரம் காய்ச்சும்போது அது துணைப்பொருளாகக் கிடைக்கிறது. (அதிலிருந்து பெறும் நைற்றோகிளிசரினைக் கொண்டே நோபல் டைனமைற் செய்தார் என்பது வேறு கதை.) ஊரிலிருந்து வரும் தேங்காயெண்ணெயிலும் அது உண்டு, ஆனால் கொழுப்பமிலங்களோடு பிணைந்து கிடப்பதால் அங்கே அது நீரை ஈர்ப்பதில்லை.

தனித்த கிளிசரினோ நீரைக் கண்ட இடத்தில் இழுக்கும். எங்கிருந்து இழுக்கிறது என்பதிலேதான் சூட்சுமம். 0 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் வளி ஏறத்தாழ 5 கிராம் நீராவியையே கொள்ளும். அதே வளி வீட்டினுள்ளே 20 பாகைக்குச் சூடானால் 17 கிராம்வரை கொள்ள இடமுண்டு. இருப்பதோ அதே 5 கிராம். இத்தகைய வறண்ட அறையில், நீர் கலக்காத கிளிசரின் தோலின் உட்படையிலுள்ள ஈரத்தையே மேலே இழுத்துவிடுகிறது.

ஆகவே, கை கழுவியதும் ஈரம் முற்றாக உலருமுன், பல பங்கு நீர் கலந்த கிளிசரினைப் பூசவேண்டும். அதன்மேற் சிறிது வாசலீனோ தேங்காயெண்ணெயோ தடவினால், ஈரம் ஆவியாகிப் போவது குறையும்.

விலையுயர்ந்த களிம்பு வாங்குவோர் அதன் பொருட்பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும். மிகுதியாக உள்ள பொருளே அதில் முதலிற் குறிக்கப்படும். நீருக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் நிற்பது இதே கிளிசரின்தான். மலிவான குப்பியிலும் அதுவே.

குருதி கசியும் வெடிப்புக்கும் சீழுக்கும் இது மருந்தன்று. அவற்றை வைத்தியரிடம் காட்டவேண்டும். வேலை போய்விடுமோ என்று அஞ்சி, புண்ணைக் கையுறைக்குள் மறைத்து நிற்கும் இளைஞர்களை நாம் அறிவோம். இறப்பர்க் கையுறையின் வியர்வையில் அப்புண் மேலும் ஊறுகிறது.