கல்வி நூலகங்களில் விக்கிகளின் பயன்பாடு

விக்கி என்பது, இணைய உலாவியின் துணையுடன் பலர் சேர்ந்து எழுதவும் திருத்தவும் கூடிய இணையத்தள வகை ஆகும். கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் விக்கிகள் இரு வகையில் பயன்படுகின்றன. ஒன்று, நூலகர்கள் தமது பணிக்கெனத் தாமே விக்கிகளை அமைப்பது. மற்றையது, மாணவர்கள் ஆய்வின்போது விக்கிப்பீடியா போன்ற பொது விக்கிகளை நாடுவது.

தோற்றம்

அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் முதலாவது விக்கியை 1995 மார்ச் 25 அன்று இணையத்தில் வெளியிட்டார். "விரைவு" எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லே இதன் பெயராயிற்று. ஆங்கில விக்கிப்பீடியா 2001 இலும் தமிழ் விக்கிப்பீடியா 2003 இலும் தொடங்கப்பட்டன.

நூலகப் பணியில்

நூலகத்தின் உசாத்துணைப் பிரிவில் ஒரே கேள்வி பலமுறை கேட்கப்படுவதுண்டு. ஒரு நூலகர் தேடிக் கண்ட விடை அவரது குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டால், அடுத்தவர் மீண்டும் தேட வேண்டியிருக்கும். விக்கியில் பதிந்து வைத்தால் அது அனைவருக்கும் உதவும். புதிய விபரங்களைப் பிறரும் சேர்க்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ பல்கலைக்கழக நூலகம், வணிகவியல் ஆய்வுக்கான வளங்களை "பிஸ் விக்கி" என்னும் விக்கியில் தொகுத்தளித்தது. 2005 இல் தொடங்கப்பட்ட, ஈழத்துத் தமிழ் நூல்களை ஆவணப்படுத்தும் நூலகம் திட்டமும் தனது தளத்தை மீடியாவிக்கி மென்பொருளில் அமைத்துக்கொண்டது.

மாணவர் ஆய்வும் மிடில்பரி நிகழ்வும்

வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரியில், 2006 டிசம்பரில் யப்பானிய வரலாற்றுத் தேர்வு எழுதிய மாணவர் சிலர் ஒரே தவறைச் செய்தனர். 1637-38 இல் நிகழ்ந்த சிமபாரா கிளர்ச்சிக்கு இயேசு சபையினர் துணைநின்றனர் என்பதே அது. அக்காலத்தில் யப்பானில் கிறித்தவம் தடைசெய்யப்பட்டிருந்தமையால், இயேசு சபையினர் கிளர்ச்சிக்கு உதவும் நிலையில் இருக்கவில்லை. மாணவர்கள் அத்தகவலை விக்கிப்பீடியாவிலிருந்து பெற்றிருந்தனர்.

இதனையடுத்து, 2007 தொடக்கத்தில் அக்கல்லூரியின் வரலாற்றுத் துறை, கட்டுரைகளிலும் தேர்வுகளிலும் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக்கூடாது என விதித்தது. எனினும் அதனைப் படிப்பதைத் தடுக்கவில்லை. மேற்கோள் காட்டத்தக்க வேறு மூலங்களுக்கு அது வழிகாட்டலாம் என்பதையும் துறை ஏற்றுக்கொண்டது. கல்வி ஆய்வில் தன்னை மூலமாகக் கொள்ள வேண்டாம் என விக்கிப்பீடியாவும் அறிவுறுத்துகின்றது.

சரிபார்க்கும் முறை

அச்சுக் கலைக்களஞ்சியம் தனது திருத்தங்களைக் காட்டுவதில்லை, விக்கி காட்டுகின்றது. இவ்வசதியைப் பயன்படுத்தும் முறைகள் பின்வருமாறு:

* பக்க வரலாறு: ஒரு கூற்று எப்போது சேர்க்கப்பட்டது, பின்னர் எவ்வாறு மாறியது என அறியலாம்.
* உரையாடல் பக்கம்: எவ்விடயத்தில் கருத்து வேறுபாடு உள்ளது என்பது தெரியவரும்.
* மேற்கோள்: அடிக்குறிப்பில் உள்ள நூலை நூலகத்தில் எடுத்து, அது உண்மையில் அவ்வாறு கூறுகின்றதா என ஒப்பிடவேண்டும். மேற்கோள் இல்லாத கூற்றை வேறு மூலத்தில் உறுதிசெய்யாமல் ஆளக்கூடாது.
* நிலையான இணைப்பு: பக்கம் மாறக்கூடியது ஆதலால், விக்கியையே ஆய்வுப் பொருளாகக் கொள்வோர் தாம் படித்த பதிப்பின் இணைப்பைக் குறித்துவைக்க வேண்டும்.

இவற்றுள் மூன்றாவது முறைக்கு நூலகம் இன்றியமையாதது. மேற்கோள் இல்லாத கூற்றுகளுக்கு மூலம் சேர்க்குமாறு நூலகர்களை அழைக்கும் "ஒரு நூலகர், ஒரு மேற்கோள்" இயக்கம் 2016 இல் தொடங்கப்பட்டது. இதன்வழி, விக்கியில் தொடங்கி நூலகத்துக்கு வரும் மாணவர் செல்லும் பாதையில், நூலகர் எதிர்த்திசையில் சென்று விக்கியைச் செம்மைப்படுத்துகின்றார்.