பசி எடுக்கவும் சுக்கு. பசி அடங்கவும் சுக்கு!

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகப் போனால் வருகிற மலை ஊர் கவுஞ்சி. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற ஊர். மலைச் சரிவில் படிப்படியாகத் தோட்டங்கள். பொழுது விடிந்தாலும் விலகாத பனி.

இப்படிப்பட்ட குளிரில் மனிதனின் கை முதலில் தேடுவது சோற்றையா? இல்லை. சுடச்சுட ஒரு டம்ளர் பானத்தைத்தான்!

அந்த டம்ளரில் இருப்பது தேநீரா, சுக்கு நீரா? அதை எப்போது குடிக்கிறோம்? பசி எடுப்பதும் அடங்குவதும் இவற்றைப் பொறுத்தது.

காப்பிக்கொட்டை இல்லாத காப்பி

"சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியும் இல்லை" என்பார்கள். பழனி ஆண்டவன் மலைக்கும், பூம்பாறை குழந்தை வேலப்பர் ஊருக்கும் பொருத்தமான பழமொழிதான்.

சுக்கு, கொத்தமல்லி விதை, நாலைந்து மிளகு. இவற்றைத் தட்டித் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கருப்பட்டி போட்டு வடிகட்டினால் சுக்குக் காப்பி. பெயர்தான் காப்பி, அதில் காப்பிக்கொட்டை கிடையாது!

அதன் காரமும் மணமும் நாக்கில் பட்டவுடன் எச்சில் ஊறுகிறது. வயிறு சாப்பாட்டுக்குத் தயாராகிறது.

இரண்டு சோதனைகள்

தைவான் நாட்டு டாக்டர்கள் 24 பேரை வைத்துச் செய்த சோதனை 2008-ல் வெளியாயிற்று. இஞ்சி மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து சூப் குடிக்க வைத்தார்கள். இரைப்பையில் பாதி காலியாக ஆன நேரம் சுமார் 13 நிமிஷம். இஞ்சி இல்லாதபோதோ சுமார் 27 நிமிஷம்! வயிற்று மந்தம் நீங்கினால் பசிக்கு வழி பிறக்கும் அல்லவா?

2012-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சோதனை வேறு கதை சொன்னது. உடல் பருத்த 10 ஆண்களுக்குக் காலை உணவோடு, வெந்நீரில் கலந்த 2 கிராம் சுக்குப்பொடி கொடுத்தார்கள். பிறகு அவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு அதிகமாக இருந்தது, பசி குறைந்தது!

இரண்டும் சிறிய சோதனைகளே. ஆனாலும் ஒன்று விளங்குகிறது. சுக்கு பசியைக் கிளப்பும் என்றோ அடக்கும் என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

தேநீரால் பசியாறலாமா?

வெறும் தேநீரைக் குடித்துப் பசியை ஏமாற்றிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! சூடான நீர் சிறிது நேரம் வயிற்றை நிரப்பும். உடம்புக்குச் சத்து தராது. சாப்பாட்டோடு குடித்தால், தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேருவதைத் தடுக்கிறது. இரத்த சோகை உள்ள பெண்களும் குழந்தைகளும் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது.

ஏமாற வேண்டாம்!

'பசியைக் குறைத்து உடலை மெலிய வைக்கும் மூலிகைத் தேநீர்' என்று விற்கிறார்களே, அவற்றில் பலவற்றில் இருப்பது நிலாவாகை. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகெங்கும் போகும் பேதி மருந்துச் சரக்கு அது. பேதியில் குறைவது உடம்பின் நீர், கொழுப்பு அல்ல.

அதைவிட மோசமானதும் உண்டு. சிபுட்ரமின் என்னும் பசியடக்கி மருந்து இருதயத்துக்கு ஆபத்து என்று 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதையே சில 'மூலிகை'த் தேநீர்களில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள்!

சுக்கு நீரும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. வயிற்றுப் புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இரண்டு வாரமாகியும் பசியில்லை, உடம்பும் இளைக்கிறது என்றால் கஷாயம் போட்டுக்கொண்டு காத்திருக்கலாகாது. காச நோய், மஞ்சள் காமாலை போன்றவற்றுக்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

கவுஞ்சிக் குளிரானாலும் சென்னை வெயிலானாலும், சுக்கு நீர் சாப்பாட்டுக்குத் துணை. சாப்பாட்டுக்குப் பதில் அல்ல!