டோரன்ட் மட்டும் ஊர்ந்தால்

யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறது, டோரன்ட் மட்டும் ஊர்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் கேபிள்காரர் வழியாக ஃபைபர் இணைப்பு வாங்கிய உங்களுக்கு இந்தச் சந்தேகம் வரலாம்: கம்பெனியே அமுக்கிப் பிடிக்கிறதா?

அப்படிச் செய்ய முடியுமா? முடியும். டோரன்டில் (ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பலரின் கணினிகளிலிருந்து இறக்கும் முறை) தரவு வந்துபோகும் விதமே தனி. கம்பெனியின் கருவிகள் அதை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைக்கும். அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் இதற்கும் மேலே போனது. ‘எதிர்முனை இணைப்பைத் துண்டித்துவிட்டது’ என்று இரு கணினிகளுக்கும் போலித் தகவல் அனுப்பிப் பகிர்வையே முறித்தது. 2007இல் அது வெளியே வந்தது.

இங்கே அதற்கு அனுமதி உண்டா? இல்லை. இணையத்தில் ஒரு வகைத் தரவை மட்டும் தடுப்பதும் மெதுவாக்குவதும் கூடாது என்று 2018 ஜூலை 31 அன்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டு, அதை நிறுவனங்களின் உரிம நிபந்தனையாக்கியது. நெரிசல் நேரத்தில் நியாயமான, தற்காலிகமான கட்டுப்பாட்டுக்கு விலக்கு உண்டு.

ஆனால் எல்லாத் தாமதமும் அமுக்கல் இல்லை. முதலில் எஃப்.யு.பி.யைப் (திட்டத்தில் முழு வேகத்துக்கு வைத்த அளவு) பாருங்கள். ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் பல ஃபைபர் திட்டங்களிலும் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் எல்லாமே மெதுவாகும், டோரன்ட் மட்டுமல்ல. அளவில் 50, 90, 100 விழுக்காடு தீரும்போது உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சொல்லியிருக்கிறது. அந்த எஸ்எம்எஸ்களைத் தேடிப் பாருங்கள். மாலையில் மட்டும் மெதுவா? தெருவே ஒரே நேரத்தில் படம் பார்ப்பதால் இருக்கலாம். ஒரு கோப்பு மட்டும் மெதுவா? அதைப் பகிர்பவர்கள் குறைவாக இருக்கலாம்.

அமுக்கல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? உபுண்டு இயங்குதளம் நேரடியாகவும் டோரன்டாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. வைஃபையை விட்டு, கேபிளைச் செருகி, அடுத்தடுத்து இரண்டு வழியிலும் இறக்குங்கள். பிறகு விபிஎன் (தரவைப் பூட்டி இன்னொரு கணினி வழியாக அனுப்பும் சேவை) போட்டு டோரன்டை மறுபடி ஓட்டுங்கள். நேரடி வழி வேகம், டோரன்ட் மெதுவு, விபிஎன் போட்டதும் அதுவும் வேகம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. மூன்று நாள் வெவ்வேறு நேரங்களில் செய்து, திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

சுற்றிப் போக வழி? டோரன்ட் மென்பொருளிலேயே ‘என்கிரிப்ஷன்’ என்ற அமைப்பு இருக்கும். அதைக் கட்டாயமாக்கினால் எளிய கருவிகள் ஏமாறும். நல்ல கருவிகள் ஓட்டத்தின் போக்கை வைத்தே கண்டுபிடித்துவிடும். அங்கே விபிஎன்தான் உதவும். ஆனால் எஃப்.யு.பி. கணக்கு விபிஎனிலும் ஓடிக்கொண்டே இருக்கும். காப்புரிமை உள்ள படத்தை அனுமதியில்லாமல் இறக்குவது விபிஎன் போட்டாலும் குற்றமே.

தளமே திறக்கவில்லையா? அது தடை, வேறு விவகாரம். 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவைக் காட்டி, நிறுவனங்கள் விமியோ உள்ளிட்ட தளங்களை முழுதாக முடக்கின. திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது.

விபிஎனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் புகார் கொடுங்கள் என்றே சொல்வேன். சந்தாவை வாங்கிக்கொண்டு உங்களை மெதுவாக்கினால், அதைச் சரிசெய்யும் செலவு உங்கள் தலையில் விழக் கூடாது. கேபிள்காரரிடம் சொல்வதோடு நிற்காதீர்கள். பில்லில் பெயர் இருக்கும் நிறுவனத்திடம் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி, அதற்கும் மேலே தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவு. டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம்.