முதல் ஆட்டத்துக்குப் பின் இன்னொன்று உண்டு, தெரியுமா?

2012 ஏப்ரல் 11, பிற்பகல் 2 மணி 8 நிமிடம். சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 8.6 அளவில் நிலநடுக்கம்! சுமார் 1,800 கிலோமீட்டர் தாண்டி, சென்னையில் அலுவலகங்களை விட்டு மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். காரைக்கால் கோவில்பத்தில் பார்வதீஸ்வரர் கோயிலைச் சுற்றி வாழ்கிறவர்களுக்குக் கடல் சைக்கிள் தூரம்தான். சுனாமி எச்சரிக்கை என்றாலே 2004 நெஞ்சை அடைக்கும்.

அதிசயம் இனிமேல்தான்! 4 மணி 13 நிமிடத்துக்கு மறுபடியும் ஒரு குலுக்கல், 8.2 அளவில். அது வெறும் பின்னதிர்வு என்றால் நம்புவீர்களா? 2015-ல் நேபாளத்தை உருக்குலைத்த 7.8 நிலநடுக்கத்தைப் போல நான்கு மடங்கு ஆற்றல் அந்தப் பின்னதிர்வுக்கு!

ஏன் இப்படி? வாய்க்கால் கரை உடைவதைப் பார்த்திருப்பீர்களே. ஒரு பெரிய உடைப்பு, அதோடு நிற்காது. இரண்டு ஓரத்திலும் மண் கட்டி கட்டியாகச் சரிந்துகொண்டே இருக்கும். நிலத்தடிப் பாறையும் அப்படித்தான். ஓரிடத்தில் நழுவியதும் அதன் பாரம் பக்கத்துப் பாறை மேல் ஏறுகிறது, தாங்காதது விட்டுக்கொடுக்கிறது.

அதற்கும் கணக்கு உண்டு, தெரியுமா? 1891-ல் ஜப்பானின் நோபி பகுதி குலுங்கியது. பின்னதிர்வுகளை எண்ணிப் பார்த்த நிலநடுக்க அறிஞர் ஒமோரி 1894-ல் கண்டுபிடித்தார்: பத்தாம் நாள் எண்ணிக்கை முதல் நாளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று! ஆனால் எண்ணிக்கைதான் குறையும். பெரியது ஒன்று தாமதமாகவும் வரலாம். நேபாளத்தில் 17 நாள் கழித்து, மே 12-ல் 7.3 வந்து 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எத்தனையோ சுவர்கள் அதற்குள் விரிசலோடு நின்றுகொண்டிருந்தன.

சுவர் மட்டுமல்ல, காலடி மண்ணும் தளரும். காரைக்கால் கடற்கரையில் ஈரமணலில் ஒரே இடத்தில் குதிகாலால் தட்டிக்கொண்டே இருங்கள். தண்ணீர் கசிந்து, மணல் குழைந்து, கால் புதையும். பலத்த அதிர்வில் ஈரமான வண்டல் மண்ணும் அப்படிக் குழையலாம். கட்டடமே சாயும்! டெல்டாக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆட்டம் நின்றதும் பணத்தையும் பத்திரத்தையும் எடுக்க உள்ளே ஓடாதீர்கள். மதில், மேல்நிலைத் தொட்டி, மின்கம்பம் மூன்றையும் விட்டு விலகித் திறந்த வெளியில் நில்லுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரும் மெயின் சுவிட்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் அணையுங்கள். கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடவே கூடாது. செருப்பைக் கட்டிலடியிலேயே வையுங்கள். உடைந்த கண்ணாடியை மிதித்துவிட்டால் ஓட முடியாது.

கடலோரம் இருக்கும்போது நிலம் வெகுநேரம் ஆடினாலோ, கடல் உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். நடந்தே ஊருக்குள் போங்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பிவிடவும் கூடாது. அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம்.

2004 டிசம்பர் 26 காலை 9 மணியளவில் நம் கரையில் அலை ஏறியது. 9 மணி 51 நிமிடம். இங்கே பெற்ற பிள்ளைகளைத் தேடி அலைந்துகொண்டிருந்த நேரம். நிக்கோபார் பக்கம் 7.2 அளவில் பூமி மறுபடியும் ஆடியது.