கல்லூரிக்கும் வேண்டும் கடன் பத்திரம்

இன்று காமராஜர் துறைமுகம் என வழங்கும் எண்ணூர்த் துறைமுகம், 2013ஆம் ஆண்டில் வரிவிலக்குப் பெற்ற கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பொதுமக்களிடம் பணம் திரட்டிற்று. பின்னர், 2025 மே மாதத்தில், பெருநகர சென்னை மாநகராட்சி தன் பத்திரங்களைத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டு 200 கோடி ரூபாய் பெற்று, கொடுங்கையூர்க் குப்பைமேட்டை அகழ்ந்து அகற்றும் பணிக்கென அதனை ஒதுக்கிற்று. ஆகவே வடசென்னைக்குக் கடன் பத்திரம் புதிய சங்கதியன்று. கப்பலுக்கும் குப்பைக்கும் வழிசெய்த இந்த நிதிமுறை, அதே வட்டாரத்துக் கல்லூரிகளின் கணினிக் கூடங்களையும் ஆய்வுக்கூடங்களையும் மட்டும் எட்டாதிருப்பது ஏன்?

ஓர் அரசோ நகரசபையோ அரசு ஸ்தாபனமோ தனக்கு உடனே வேண்டிய பெருந்தொகையைப் பலரிடமிருந்து திரட்டிக்கொண்டு, குறித்த காலத்தில் அசலைத் திருப்பித் தருவதாகவும், அதுவரை குறித்த வட்டியைத் தவறாது செலுத்துவதாகவும் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதியே பொதுக் கடன் பத்திரம். மாநகராட்சிப் பத்திரத்தின் காலம் 10 ஆண்டு. வட்டி ஆண்டுக்கு 7.97 சதவீதம், முதலாண்டு வட்டி மட்டுமே ஏறத்தாழ 16 கோடி ரூபாய். குப்பைமேடு லாபம் ஈட்டித் தரும் என்று எண்ணி எவரும் இதில் பணம் போடவில்லை. சொத்துவரி முதலிய நிலையான வருவாய் மாநகராட்சியின் கையில் உண்டு என்ற நம்பிக்கையால்தான் போட்டார்கள். பத்திரத்தின் ஜீவநாடி அந்த வருவாயே.

உயர்கல்விக்கென்றே இத்தகைய ஏற்பாடொன்று நம் தேசத்தில் உண்டு. மத்திய அமைச்சரவை 2016 செப்டம்பரில் அங்கீகரிக்க, மத்திய கல்வி அமைச்சகமும் கனரா வங்கியும் கூட்டாக நிறுவிய ‘ஹெஃபா’ என்னும் உயர்கல்வி நிதி முகமை, அரசு உத்தரவாதமுள்ள பத்திரங்களாலும் சந்தைக் கடன்களாலும் பணம் திரட்டி, கட்டடத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உபகரணங்களுக்குமாகக் கல்வி ஸ்தாபனங்களுக்கு 10 ஆண்டுக் கடன் கொடுப்பதற்காக ஏற்பட்டது. 2017 நவம்பரில் முதன்முதலாகக் கடன் அனுமதிக்கப்பட்ட ஆறு ஸ்தாபனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. வட்டியை மத்திய அரசு மானியமாக ஏற்கிறது. அசலில், பழைய தொழில்நுட்ப ஸ்தாபனங்கள் முழுவதையும் தம் வருவாயிலிருந்தே அடைக்க, 2014க்கு முந்திய மத்தியப் பல்கலைக்கழகங்கள் பத்தில் ஒரு பங்கை அடைத்தால் போதும். அதன் பின் தோன்றியவற்றுக்கு அசலையும் அரசே அடைக்கும். 2022க்குள் ஒரு லட்சம் கோடி ரூபாய் திரட்டுவதென்று 2018-19 பட்ஜெட்டில் அறிவித்த இலக்கு மட்டும் நிறைவேறவில்லை.

இந்தச் சலுகையெல்லாம் மத்திய அரசின் ஸ்தாபனங்களுக்கே உரியது. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆகியவை மாநில அரசின் கல்விக்கூடங்களாதலால் இவ்வரம்புக்குள் வருவதில்லை. வந்தாலும் கலைக் கல்லூரிகளால் பயன்கொள்ள இயலாது. ஏனெனில், துறைமுகத் தொழிலாளியின் மகளும் மீனவர் குப்பத்துப் பிள்ளையும் படிக்கும் கல்லூரி, கட்டணத்தை உயர்த்தியல்லவா அசலை அடைக்க வேண்டியிருக்கும்? புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் பாரதி மகளிர் கல்லூரியிலேதான் தொடங்கப் பெற்றது. மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் படிக்க அழைக்கும் அரசு, அவளிடமிருந்தே கடன் தவணையை வசூலிக்கலாகாது. எனவே கல்லூரிக்கான பத்திரத்தை மாநில அரசே பொறுப்பேற்று, பட்ஜெட்டில் பகிரங்கமாகக் காட்டி அடைக்க வேண்டும். மாநிலத்தின் கடன் வரம்பில் அது சேருமே என்பர். சேரட்டும், எதற்குக் கடன்பட்டோம் என்பதைப் பிரஜைகள் அறிவது நல்லது.

எதை வாங்குவது என்பதிலும் விவேகம் வேண்டும். கணினியின் ஆயுள் ஐந்தாறு வருஷம். பத்திரத்தின் ஆயுளோ பத்து. பழுதாகி மூலையில் கிடக்கும் கருவிக்கு வட்டி கட்டுவது அநியாயம். 20 லட்சம் மாணவர்களுக்கு மடிக்கணினி தருவதற்காக 2025-26 பட்ஜெட்டில் 2,000 கோடி ரூபாயைத் தமிழக அரசு நேரடியாக ஒதுக்கியது முறையே. ஆனால் அம்மடிக்கணினியை இணைக்கும் கண்ணாடியிழைக் கம்பித்தடம், தடையில்லா மின்வசதி, உப்புக்காற்று அரிக்காத கருவி அறை, துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் இயங்கும் தானியங்கி இயந்திரங்களைப் பயிற்றுவிக்கும் கூடம் இவையெல்லாம் நெடுநாள் நிற்பவை. இவற்றுக்கே பத்திரம் தகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளமும், அதனோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயும் இவ்வட்டாரத்தை அலைக்கழித்ததை நினைவில் வைத்து, அவ்வறைகளை மேல்மாடியில் அமைப்பதும் கடன்பட்ட பணத்தைக் காப்பதாகும்.

கடன்பட்ட பணம் உரிய வழியில் செலவாகிறதா என்பதைக் கண்காணிக்கவும் ஏற்பாடு வேண்டும். கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு வாக்காளர் ஏற்ற சட்டத்தின்படி, பள்ளிக்கும் சமுதாயக் கல்லூரிக்கும் உள்ளூரில் பத்திரம் வெளியிட 55 சதவீத வாக்கு வேண்டும். அப்பணத்தைச் சம்பளத்துக்குச் செலவிடலாகாது. பிரஜைகளின் மேற்பார்வைக் குழு கணக்கைப் பார்க்கும். வாக்கெடுப்பு நமக்கு வழக்கமில்லை. ஆனால் மேற்பார்வைக் குழு அவசியம் வேண்டும்.

சிறு கல்லூரியை நம்பிச் சந்தை கடன் கொடுக்குமா என்ற ஐயத்துக்குத் தமிழ்நாடே முன்பு விடை கண்டிருக்கிறது. தனித்தனியே சந்தைக்குச் செல்ல வலிமையற்ற 13 நகராட்சி, பேரூராட்சிகளை ஒன்று சேர்த்து, 2002-03இல் சுமார் 30 கோடி ரூபாய்க்குத் தொகுப்புப் பத்திரம் வெளியிட்டது நம் மாநிலம். குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கான அத்தொகையின் அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி முகமை உத்தரவாதம் அளித்தது. இந்தியாவில் அதுவே முதல் தொகுப்புப் பத்திரம். அந்த அனுபவம் படைத்த அரசுக்கு, அரசுக் கல்லூரிகளையும் அவ்வாறே தொகுப்பது அசாத்தியமன்று. வரும் பட்ஜெட்டிலேயே அத்தகைய தொகுப்பு நிதியை அரசு அறிவிக்க வேண்டும். முதல் தவணை வடசென்னைக் கல்லூரிகளுக்கே என்று திருவொற்றியூர், இராயபுரம், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதி உறுப்பினர்கள் சட்டசபையில் வற்புறுத்த வேண்டும். அவ்வாறு வற்புறுத்துமாறு அத்தொகுதி வாக்காளர்கள் அவர்களைக் கேட்க வேண்டும்.