கம்பியும் கணக்கும் – 9: மணி எத்தனை நொடி அடிக்கலாம்?

2019 நவம்பர் 1 அன்று ட்ராய் ஒரு விதியை வெளியிட்டது. வருகிற அழைப்பை யாரும் எடுக்காவிட்டால் மொபைலில் 30 நொடியும், லேண்ட்லைனில் 60 நொடியும் மணி அடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கோடிகளில் புழங்கும் தொலைத்தொடர்புத் துறையைக் கண்காணிக்கிற ஆணையம், போன் எவ்வளவு நேரம் அடிக்கலாம் என்று ஏன் நொடிக்கணக்கு பார்த்தது? எல்லாம் 6 பைசா படுத்திய பாடு.

ஏர்டெல்காரர் ஒருவர் ஜியோ எண்ணை அழைக்கிறார். காசு கட்டுபவர் அழைப்பவர்தான். ஆனால் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஜியோவின் கோபுரம். அதற்குக் கூலியாக 2020 வரை நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஏர்டெல் ஜியோவுக்குத் தரவேண்டியிருந்தது. 2003-இல் இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் இன்கமிங் இலவசமானது. அதுவரை அழைப்பை எடுத்தாலும் காசு. மணி அடித்தால் எண்ணைப் பார்த்துக் கட் செய்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தக் கூலியை நிறுவனங்களே பேசி முடித்துக்கொள்ளலாமே? முடியாது. உங்கள் மாமியார் வோடஃபோனில் இருந்தால், அவருடைய எண்ணைத் தொட வோடஃபோனை விட்டால் வழி இல்லை. சந்தையில் பத்து நிறுவனங்கள் இருந்தாலும் அந்த ஓர் எண்ணுக்கு ஏகபோகம் ஒன்றுதான். வாசலில் நிற்பவர் கேட்டதுதான் விலை. வாசலே திறக்காமலும் இருக்கலாம். புதிதாக வருகிற நிறுவனத்துக்கு இது உயிர்ப்பிரச்சினை. அதன் வாடிக்கையாளர்கள் பேச நினைக்கிற ஆட்கள் பெரும்பாலும் பழைய நிறுவனங்களில்தான் இருப்பார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நடந்தது இதுதான். நூறு அழைப்புக்கு 75 அழைப்பு மற்ற நிறுவனங்களின் வாசலிலேயே விழுந்துவிடுகிறது என்றது ஜியோ. விதிப்படி ஆயிரத்துக்கு ஐந்துக்கு மேல் விழக்கூடாது. இலவசம் என்று அறிவித்து வெள்ளத்தைத் திறந்துவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்றார்கள் பழையவர்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனாலும் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று ட்ராய் பரிந்துரைத்தது.

கூலி 2004-இல் 30 பைசா. பிறகு 20, 14 என்று இறங்கி, 2017 அக்டோபரில் 6 பைசாவுக்கு வந்தது. அப்போது ஜியோவில் அவுட்கோயிங் இலவசம். மற்றவர்களின் 2ஜி வாடிக்கையாளர்கள் பேசினால் காசு. நம் ஊர் மூளை சும்மா இருக்குமா? "மிஸ்டு கால் குடுக்கறேன், நீயே கூப்பிடு." தினமும் 25 முதல் 30 கோடி மிஸ்டு கால் தன் வலைக்குள் வருவதாகச் சொன்னது ஜியோ. திருப்பி அழைக்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் 6 பைசா அதன் கையை விட்டுப் போனது. 2019 அக்டோபரில் அந்த 6 பைசாவைத் தன் வாடிக்கையாளர்கள் தலையிலேயே கட்டியது.

இதற்கிடையே, ஜியோ மணி அடிக்கும் நேரத்தை 20 நொடியாகக் குறைத்துவிட்டது என்று போட்டியாளர்கள் புகார் சொன்னார்கள். சமையலறையில் இருப்பவர் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் மணி நின்றுவிடும். அவர் திருப்பி அழைப்பார். அவுட்கோயிங் இன்கமிங்காக மாறும், 6 பைசாவும் திசை மாறும். பிறகு ஏர்டெல்லும் 25 நொடிக்கு இறங்கியது. மிஸ்டு காலை ஏழையின் தந்திரம் என்று நாம் நினைத்திருந்தோம். கோடீஸ்வர நிறுவனங்களும் அதையே செய்தன!

30 நொடி விதி நோய்க்குறியைத்தான் அடக்கியது. நோய் போனது 2021 ஜனவரி 1-இல், கூலி பூஜ்யமானபோது. அவரவர் வசூல் அவரவருக்கு. இதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் இதில் அடிபட்ட ஒருவரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பத்து ரூபாய்க்கு டாப்-அப் செய்துவிட்டு, மகன் கூப்பிடுவான் என்று பட்டன் போனை வைத்திருந்த கிராமத்துப் பெரியவர் அவர். அவர் பேசாவிட்டாலும், அவருக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பும் அவருடைய நிறுவனத்துக்குப் பைசா கொண்டுவந்தது. கூலி குறையக் குறைய அவர் வெறும் செலவாகிவிட்டார். 2018 இறுதியிலேயே ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் இன்கமிங் தொடர மாதம் 35 ரூபாய் ரீசார்ஜ் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டன. அதற்குப் பிறகு அந்தத் தொகை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

(தொடரும்)